கடைசி உறைபனிக்கு முன்னும் பின்னும்

பிப்ரவரி 18
நம் வட்டாரத்துக்கு வசந்தத்தின் கடைசி உறைபனி மே 10 என்கிறது உறைபனித் தேதி அட்டவணை. மே 11 காலையிலேயே தக்காளி நாற்றோடு கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. அந்தத் தேதி 30 வருடப் பதிவின் நடுப்புள்ளிதான். ஏறக்குறைய இரண்டில் ஒரு வருடம் அதற்குப் பிறகும் பனி விழும். பத்தில் ஒரு வருடம்தான் விழும் என்கிற தேதி பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கிறது: மே 24. தக்காளிக்கும் மிளகாய்க்கும் நான் பிடித்துக்கொண்டது அதைத்தான். இலையுதிர் காலத்து முதல் பனி செப்டம்பர் 28. இடையில் 127 நாள். நட்டதிலிருந்து நூறு நாள் கேட்கும் தக்காளி ரகங்களை வாங்கப் போவதில்லை.

மார்ச் 15
வீட்டுக்குள் மிளகாய் விதைத்தாயிற்று. முளைக்கவே சோம்பும், வெதுவெதுப்பும் கேட்கும். அதனால் பத்து வாரம் முன்பே. தக்காளிக்கு ஏழு வாரம் போதும். முந்தினால் ஜன்னலோரம் ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்து சாயும்.

ஏப்ரல் 6
மண்ணுக்குள் 7 டிகிரி. பட்டாணியும் பசலையும் வெளியே போட்டேன். லேசான பனிக்கு இரண்டும் அசராது.

மே 13
நேற்றிரவு மேகமே இல்லை, காற்றும் இல்லை. ஐந்தடி உயரத்தில் மாட்டிய தெர்மாமீட்டர் 3 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஆனாலும் காலையில் வேலியோரப் பள்ளத்தில் புல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. பட்டாணி இலையின் விளிம்பெல்லாம் உப்புத் தூவியது போல் படிகம், தொட்டால் விறைப்பு. வெயில் ஏறியதும் பழையபடி ஆகிவிட்டது. மேகப் போர்வை இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கித் தேங்கும். மேட்டுப் பாத்தியில் துளி பனி இல்லை. ஒரே தோட்டத்துக்கு இரண்டு தேதி! பள்ளத்தை முட்டைக்கோசுக்குக் கொடுத்துவிடலாம்.

மே 17
நாற்றுகளுக்கு வெளிக்காற்று பழக்கல். முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது.

ஜூலை 6
இப்போது கணக்கு தலைகீழ். செப்டம்பர் 28-லிருந்து பின்னோக்கி: கேரட்டுக்கு 70 நாள், பகல் குறுகும்போது வளர்ச்சி மந்தப்படுமே, அதற்கு இரண்டு வாரம். இன்று விதைத்தால் சரி. நாலைந்து நாள் தள்ளினாலும் மோசமில்லை. பனி பட்ட கேரட்டில் இனிப்பு கூடத்தான் செய்யும். 55 நாள் பீன்ஸிடம் இந்தச் சலுகை கிடையாது, ஒரு பனிக்கே கருகும். ஜூலை 21-க்குள் விதைக்க முடியாவிட்டால் அந்தப் பாத்தி அக்டோபர் பூண்டுக்கு.