கிலோமீட்டரை நம்பி நேரத்தைக் கணக்கிடாதீர்கள்

இரண்டு நகரங்களின் பெயரைத் தட்டினால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் தளங்கள் நிறைய இருக்கின்றன. என் மாணவர்கள் ஆசையாக எடுத்து வந்து காட்டுவார்கள். தூரம் சரியாகவே இருக்கும். நேரத்தை மட்டும் நான் நம்புவதில்லை. பெரும்பாலும் அந்தத் தூரத்தை மணிக்கு 800 அல்லது 900 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் காற்றே கிடையாது.

புவியியல் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. உலக உருண்டையும் ஒரு நூலும் எடுத்துப் போவேன். நூலின் ஒரு முனையை டெல்லியிலும் மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இழுத்துப் பிடித்தால், நூல் ரஷ்யாவைத் தாண்டி வடதுருவத்துப் பக்கமாகப் போகும். சுவர் வரைபடத்தையே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எழுந்து வந்து தாங்களே இழுத்துப் பார்ப்பார்கள். அந்த நூல் காட்டும் தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர். தளங்கள் சொல்வதும் அதைத்தான்.

ஆனால் 2016 அக்டோபரில் ஏர் இந்தியா என்ன செய்தது தெரியுமா? அதுவரை அட்லாண்டிக் வழியாகப் போன டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானத்தைப் பசிபிக் வழியாகத் திருப்பியது. அந்த வழியில் சுமார் 15,300 கிலோமீட்டர். பழைய வழியைவிட 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆனாலும் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம்! கிழக்கே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, மேற்கே போனால் முகத்தில் மோதுகிறது, அவ்வளவுதான்.

தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் இந்தக் காற்றோட்டத்துக்கு ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். குளிர்காலத்தில் துருவப் பகுதிக்கும் வெப்ப மண்டலத்துக்கும் இடையே வெப்ப வித்தியாசம் கூடுவதால் அதன் வேகமும் கூடும். மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். 2020 பிப்ரவரியில் ஒரு பெரும் புயல் நேரத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. வழக்கமாக ஆறு, ஏழு மணி நேரம் ஆகும் பயணம் அது.

"பூமி கிழக்கு நோக்கித்தானே சுழல்கிறது, மேற்கே போகிற விமானத்துக்கு ஊர் தானாக எதிரே வந்துவிடாதா?" என்று யாராவது கேட்பார்கள். அருமையான கேள்வி. விமானமும் அதைச் சுற்றியிருக்கும் காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன என்பதால் அந்த லாபம் கிடைப்பதில்லை.

காற்று மட்டுமா? 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் சுமார் பதின்மூன்று மணி நேரமானது. இரண்டு ஊரும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

ஆகவே பயணத்துக்குத் திட்டமிடுபவர்கள், நீங்கள் கிளம்பும் மாதத்துக்கு, நீங்கள் போகும் திசைக்கு விமான நிறுவனம் போட்டிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். திரும்பி வரும் நேரத்தைத் தனியாகப் பாருங்கள். அட்டவணை நேரம், நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகர்ந்தது முதல் போய் நிற்கும் வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதற்குள் அடக்கம்.