மச்சானின் வீட்டுக் கடன்

சிங்கப்பூர் தேக்காவில் நேற்று தேநீர் குடிக்கும்போது மச்சான் மறுபடியும் வட்டிக் கதையை ஆரம்பித்தார். 2021இல் வங்கி வட்டி ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேலே இருந்தது. 2.6 விழுக்காட்டில் அசையாமல் நிற்கும் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடனை விட்டு வங்கிக்குத் தாவினார். திரும்பி வர வழி கிடையாது என்று அப்போதே சொன்னேன். கேட்டால்தானே!

இரண்டாண்டு நிலையான வட்டி முடிந்தபோது விகிதம் நான்கைத் தாண்டியிருந்தது. 4 லட்சம் வெள்ளி, 25 ஆண்டுகள் என்று கணக்குப் போட்டால், 1.2 விழுக்காட்டில் மாதத் தவணை சுமார் 1,544 வெள்ளி. 4.2 என்றால் 2,156. வித்தியாசத்தை வைத்து வீட்டு மளிகையையே முடித்துவிடலாம்.

இத்தனைக்கும் நம் நாணய ஆணையம் வட்டியை நிர்ணயிப்பதே இல்லை, வெள்ளியின் மாற்று விகிதத்தைத்தான் கவனிக்கிறது. அதனால் அமெரிக்க மத்திய வங்கி தும்மினால் நம் வங்கிகள் வீட்டுக் கடன் வட்டிக்கு அடிப்படையாக வைக்கும் சோரா விகிதத்துக்குச் சளி பிடிக்கிறது, உட்லண்ட்ஸில் இருப்பவருக்குத் தவணை கூடுகிறது.

வங்கிக்கு மட்டும் என்ன, எப்போதும் கொண்டாட்டமா? ஏறும்போது லாபம்தான், சேமிப்புக் கணக்குக்குத் தரும் வட்டி அவ்வளவு வேகமாக ஏறாதே. இறங்கும்போதுதான் வாடிக்கையாளர் அடுத்த வங்கிக்கு ஓடுவார். அதற்குத்தான் அதே வங்கியில் கட்டிப்போடும் அந்தப் பிணைப்புக் காலமும், அதற்குள் கடனை முன்கூட்டியே அடைத்தால் பெரும்பாலும் 1.5 விழுக்காடு அபராதமும்.

2025இல் வட்டி மளமளவென இறங்கியதும் மச்சான் பழையபடி வேறு வங்கிக்கு மாறிவிட்டார். இந்த முறை ஒப்பந்தத்தைப் படித்தாராம். முதல் பக்கத்தை மட்டும்.