வெறுங்கையோடு கருத்தரங்குக்குப் போகாதீர்கள்

எங்கள் அரசியல் அறிவியல் துறையில் கருத்தரங்கு மூன்று மணிக்கு என்று அறிவிப்புப் பலகையில் இருந்தால், உரை மூன்றே முக்காலுக்குத்தான் தொடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, பேச்சாளர் வாங்கிய பட்டங்களை ஒன்றுவிடாமல் வாசித்தல் என்று முக்கால் மணி நேரம் போய்விடும். முதுகலை முதலாண்டில் நான் இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, உரையையும் கேட்டுவிட்டு, கேள்வி நேரம் தொடங்கியதும் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போய்விடுவேன். தாமதமாக வந்து கடைசிவரை இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பேச்சாளர் உரையில் சொல்வது பெரும்பாலும் அவருடைய கட்டுரையிலேயே கிடைக்கும். கட்டுரையில் இல்லாதது கேள்வி நேரத்தில்தான் வெளியே வரும்.

ஒரு முறை ஆளுநரின் அதிகாரம் பற்றிப் பேச வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். மாநில அரசுகளைக் கலைப்பது பற்றி 1994இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய எஸ்.ஆர். பொம்மை தீர்ப்பைச் சுற்றியே பேச்சு. ஓர் அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் மாளிகையில் அல்ல, சட்டப்பேரவையில்தான் சோதிக்க வேண்டும் என்பதை அழகாக விளக்கினார். அன்று நான் எழுந்து போகவில்லை. கேள்வியும் கேட்டேன், கேட்டதாக நினைத்துக்கொண்டேன். கூட்டாட்சி, மாநில உரிமை, மத்திய, மாநில உறவு பற்றி 1971இல் ராஜமன்னார் குழு கொடுத்த அறிக்கை என்று தெரிந்ததையெல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லது தம்பி, இதில் கேள்வி எது?" என்றார். அரங்கு சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஆய்வு மாணவி ஒருவர் எழுந்தார். நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். "ஐயா, 1952இல் சென்னை மாநிலத்தில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152தான். தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். ராஜாஜி பிறகு பேரவையில் பெரும்பான்மையைக் காட்டிவிட்டார். பேரவையில் தேறிவிட்டதால் அந்த அழைப்பும் சரியாகிவிடுமா?" அரை நிமிடம்கூட ஆகவில்லை. பேச்சாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யாரை அழைப்பது என்பது ஒரு கேள்வி, அழைக்கப்பட்டவரை எங்கே சோதிப்பது என்பது வேறு கேள்வி, தீர்ப்பு தெளிவாக விடை சொல்வது இரண்டாவதற்குத்தான் என்று தொடங்கி, கால் மணி நேரம் பேசினார். அன்றைய உரையைவிட அது எனக்கு அதிகம் பயன்பட்டது.

சுண்டல் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தபோது அக்காவிடம் கேட்டேன், எப்படித் தோன்றியது என்று. "தலைப்பைத் திங்கட்கிழமையே ஒட்டிவிட்டார்களே. அவர் ஒரு விதி சொல்வார் என்று தெரியும். அந்த விதிக்குள் அடங்காத நம்ம ஊர்ச் சம்பவம் ஒன்றைத் தேடி வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்" என்றார்.

அன்றுமுதல் நானும் அதைத்தான் செய்கிறேன். நூலகத்தில் ஒரு மாலைப்பொழுது போதும். கட்சித் தாவல் தடைச் சட்டம் பற்றிய உரை என்றால், அதைக் கொண்டுவந்த 1985இன் 52ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நீங்கள் 2017இல் தமிழ்நாட்டில் 18 சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டதை எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் வேறு கட்சிக்குப் போகவில்லை. கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கவும் இல்லை. தங்கள் கட்சி முதல்வர் மீதே நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். கட்சி உறுப்பினர் பதவியைத் தாமாகவே விட்டுக்கொடுத்ததாக அதைக் கொள்ளலாமா? சபாநாயகர் கொள்ளலாம் என்றார், உயர் நீதிமன்றமும் 2018இல் அதை ஏற்றுக்கொண்டது என்பது வரை படித்துவிட்டுப் போனால், உரையின் ஒவ்வொரு வாக்கியமும் உங்கள் காதில் வேறு மாதிரி விழும். கேள்வி கேட்க வாய்ப்பே கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒன்று. உரை ஆங்கிலத்தில் இருந்தால் கேள்வியும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. நான் தமிழில் கேட்டிருக்கிறேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்குறியில் முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நான் பட்டவன், அதனால் சொல்கிறேன்.

பயிலரங்கு இன்னொரு ரகம். அங்கே எடுத்துப் போக வேண்டியது உங்கள் சொந்தச் சரக்கு, அதுவும் அரைகுறையாக இருக்கும்போதே. ஊராட்சிகளில் பெண்களுக்கான இட ஒதுக்கீடு 2016இல் 50 விழுக்காடு ஆக்கப்பட்டது. அதன்படி 2019 டிசம்பர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தலைவர்கள் பற்றியது என் ஆய்வு. 22 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியலைத் தட்டச்சு செய்து, பெருமையாக எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு முறையியல் பயிலரங்குக்குப் போனேன். பயிற்சி தந்தவர், பக்கத்தில் இருந்த மாணவியை ஊர்க்காரராக வைத்து அதைக் கேட்கச் சொன்னார்.

"உங்கள் ஊராட்சித் தலைவரின் பணியிலும் நேர்மையிலும் உங்களுக்குத் திருப்தியா?"

"வேலை நன்றாகச் செய்கிறார். நேர்மையைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்" என்றார் அந்த மாணவி. இதை எந்தக் கட்டத்தில் குறிப்பது? பேனா அப்படியே நின்றது. இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்தது: "முடிவுகளைத் தலைவர் எடுக்கிறாரா, அவருடைய கணவர் எடுக்கிறாரா?" பயிற்சி தந்தவர் குறுக்கிட்டு, "ஆண் தலைவர் இருக்கும் ஊரில் மனைவியைப் பற்றி இப்படிக் கேட்பாயா?" என்றார். விடையை நானே உள்ளே வைத்துவிட்டுக் கேள்வி கேட்டிருக்கிறேன். அன்று மாலை அது, "கடந்த அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானங்களை வாசித்தவர் யார்?" என்று மாறியது. ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்த விஷயம்; யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். 22இல் ஒன்பது கேள்விகள் தேறின. களத்துக்குப் போய் முந்நூறு பேரிடம் கேட்ட பிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

இத்தகைய பயிற்சிகளில் இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் நிதி தந்து நடத்தும் பத்து நாள் முறையியல் வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். மாறாக, பதிவுக் கட்டணம், ஏழு நிமிடக் கட்டுரை வாசிப்பு, சான்றிதழ், தொகுப்பு நூல் என்று வரும் இரண்டு நாள் தேசியக் கருத்தரங்குகளில் ஒன்றிரண்டு போதும். நான் ஆறு போனேன். காசுதான் போயிற்று. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் விதிமுறைகளில் எடுத்துவிட்டது. ஆனாலும் உங்கள் பல்கலைக்கழகம் தனக்கென விதி வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு இதெல்லாம் உதவுமா என்று தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகளுக்கு விடை குறிக்கும் தேர்வு அது. அதற்குப் பழைய வினாத்தாள்தான் துணை. நேர்காணலில் வாய் திறக்கும்போது இது உதவும்.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது. துறையில் நடக்கும் முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வுகளுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். அழைப்பிதழ் வேண்டாம், கட்டணம் இல்லை. ஐந்து வருட உழைப்பை ஒரு புறத் தேர்வாளர் எந்த இடத்தில் தட்டிப் பார்க்கிறார் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம். அக்காவின் தேர்வு அன்று, கேள்வி கேட்கலாம் என்று அவையைப் பார்த்துச் சொன்னதும் முதலில் கை தூக்கியவன் நான். தாளில் எழுதி வைத்திருந்தேன், ஒரே வரி.