பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

பழைய டிராக்டர் இன்ஜினுக்கு அடித்த பெயிண்ட் கொஞ்ச நாளிலேயே பொரிந்து உதிர்ந்தால், பழி பெரும்பாலும் பெயிண்ட் மேலேயே விழும். உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் எண்ணெய்ப் பசை மினுங்கும். முதலில் தேட வேண்டியது அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

அதனால் எடுத்த எடுப்பில் தண்ணீர் அடிக்காதீர்கள். அழுக்கோடு இருக்கும் இன்ஜின்தான் கசிவைக் காட்டிக்கொடுக்கும். ஃபேன் காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும், எடை கீழே இழுக்கும். எனவே ஈரமான இடங்களிலேயே மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருப்பதைப் பிடியுங்கள், ஊற்றுக்கண் பெரும்பாலும் அங்கேதான். ராக்கர் கவர், டேப்பட் கவர், டைமிங் கவர், ஆயில் ஃபில்டர் அடிப்பகுதி ஆகியவைதான் வழக்கமான இடங்கள். டீசல் கசிவு வேறு மாதிரி இருக்கும். அது பிசுக்கைக் கழுவிவிடுவதால், சுற்றிலும் கறுப்பாக இருக்க அந்த இடம் மட்டும் பளிச்சென்று ஈரமாகத் தெரியும். அங்கே பாஞ்சோ போல்ட்டின், அதாவது டீசல் குழாயைப் பிணைக்கும் துளையுள்ள போல்ட்டின், செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். புது எனாமல் பெயிண்டை டீசல் இளக்கிவிடும். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் பல டிராக்டர்களில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் எண்ணெய் சொட்டினால் கிராங்கின் பின் சீல் அல்லது கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது என்று பொருள். டிராக்டரை நடுவில் பிரிக்கிற வேலை அது. செய்வதாக இருந்தால் பெயிண்டுக்கு முன்னால் செய்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர் தொடாமல் சுரண்டுவது. சம்ப் (இன்ஜின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) விளிம்பு, பம்ப் அடி, மவுண்டிங் ஓரங்களில் மண்ணும் எண்ணெயும் கலந்து விரல் கனத்துக்கு இறுகிக் கிடக்கும். பட்டித் தகட்டால் பெயர்த்தெடுங்கள். அலுமினியப் பாகங்களுக்கும் கேஸ்கெட் உட்காரும் முகங்களுக்கும் சீவிய மரத்துண்டுதான். கீழே தார்ப்பாய் விரித்து மரத்தூள் கொட்டிவிட்டால் எல்லாம் அதில் ஊறி நிற்கும், மண்ணுக்குப் போகாது. பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வட்டத் தகடு அடைப்புகளை, அதாவது வெல்ச் பிளக்குகளை, லேசாகத் தட்டிப் பாருங்கள். துரு தின்றிருந்தால் பிசுக்குதான் அதுவரை அடைத்துக்கொண்டிருந்திருக்கும்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் இறக்கிவிடுவது நல்லது. செல்ஃப் மோட்டார் இருந்த வாயைத் தகடு வைத்து மூடுங்கள். காற்று உள்ளே போகும் வாய், சைலன்சர், ப்ரீதர் (இன்ஜினின் உள்காற்று வெளியேறும் குழாய்), டிப் ஸ்டிக் குழாய், டீசல் டேங்க் மூடி எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் பையை வெளியிலிருந்து கட்டுங்கள். துணியை உள்ளே திணிக்க வேண்டாம். மறந்து ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் அதை இழுத்துக்கொள்ளும்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முக்கியமாக டீசல் பம்ப். அதில் டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கும், அது ஓடும் உருளையான பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடித் தடிமனில் சிறு பங்கு. சூடான பம்ப்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் வெளிக்கூடு முதலில் சுருங்கி, உள்ளே பிளஞ்சர் இறுகிக்கொள்ளும். பம்ப் செலவைப் பார்த்தால் பெயிண்ட் செலவு ஒன்றுமே இல்லை.

மண்ணெண்ணெயைப் பிரஷ்ஷால் தாராளமாகப் பூசி 20 நிமிடம் ஊறவிடுங்கள், காய விடாமல் தேய்த்துக் கழுவுங்கள். பிசுக்கு கெட்டியாக இருந்தால் இரண்டாம் முறையும் வேண்டும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ஒரு பொறி போதும். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துவிடும், அதுவும் வேண்டாம். மண்ணெண்ணெயோடு நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. அதுவே மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். வெந்நீரில் சலவைத்தூள் கரைத்து மறுபடி தேய்த்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிரஷர் வாஷர் இருந்தால் ஒரு முழத்துக்குக் குறையாமல் தள்ளிப் பிடியுங்கள். சீல்கள், பம்ப், ரேடியேட்டர் தகடுகள் மேல் நேராக அடிக்காதீர்கள்.

கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய பெயிண்டை முழுக்க உரிக்கத் தேவையில்லை. 180 அல்லது 220 நம்பர் எமரித் தாளால் ஓரங்களைச் சரித்து, மேலே சொரசொரப்பாக்கினால் போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் தண்ணீர் தொட்டே தேயுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள். துருவுக்கு கிரைண்டரில் கம்பி பிரஷ் சரிதான், ஆனால் அதன் கம்பிகள் ஊசி போலப் பறக்கும், கண்ணாடி கட்டாயம். பிரிக்காத இன்ஜினுக்கு மணல் பிளாஸ்டிங் கூடாது. எங்கேயாவது ஒரு வழியில் மணல் உள்ளே போய் பேரிங்கைத் தின்றுவிடும்.

கழுவியதும் கம்ப்ரசர் காற்றால் போல்ட் குழிகளை ஊதிக் காய வையுங்கள். வெறும் வார்ப்பிரும்பு ஈரக் காற்றில் சீக்கிரமே பழுப்பேறும். அன்றைக்கே பிரைமர் அடிப்பதாக இருந்தால் மட்டும் கழுவத் தொடங்குங்கள்.

வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெய் கழுவலில் போகாது. வெயிலிலோ ஹாட் ஏர் கன்னிலோ சூடேற்றினால் வியர்வை போல மேலே வரும். ஒரு துணியால் தின்னரைத் தடவி, அது ஆவியாகும் முன் வேறு சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணியால் செய்தால் எண்ணெயை இடம் மாற்றுவதோடு சரி. சூடு நன்றாக ஆறிய பிறகுதான் தின்னர். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, படலமாகப் பரவினால் சுத்தம். பிறகு அந்த ஈரத்தையும் ஊதிக் காய வையுங்கள்.

டேப் ஒட்டும்போது நம்பர் தகடு, பெல்ட், ரப்பர் ஹோஸ், புல்லிப் பள்ளம் எல்லாம் நினைவுக்கு வரும். தப்பிப்போவது இரண்டு இடங்கள். ஒன்று, வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள கசிவுத் துளை. அதைப் பெயிண்ட் அடைத்தால், சீல் போகும்போது தண்ணீர் வெளியே சொட்டாமல் பேரிங்குக்குள் போகும். இன்னொன்று, பேட்டரியின் எர்த் பட்டை உட்காரும் இடம். அங்கே பெயிண்ட் ஏறினால் செல்ஃப் மோட்டார் இழுக்காமல் முனகும். அந்த இடத்தை வெறும் இரும்பாகவே விட்டு, பட்டையை முறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.