விட்ட இடம் எங்கே?

மின்கட்டணம் செலுத்தப் படிவத்தை நிரப்பிவிட்டு, ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பினால், படிவம் வெறுமையாகப் பல்லிளிக்கிறது. நினைவகம் குறைந்தால் பின்னணியில் இருக்கும் செயலியை ஆண்ட்ராய்டு முடித்துவிடும், நியாயம்தான். விட்ட இடத்தைக் குறித்துவைத்து மீட்டுத் தருவது செயலியை எழுதியவரின் கடமை அல்லவா?

ஐபோனில் பிற நிறுவனச் செயலிகளுக்குப் பின்னணியில் இயங்க அனுமதி கிடைத்ததே 2010-இல், அதன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 4-ஆம் பதிப்பு வந்தபோதுதான். அதுவும் பாட்டு, இணைய அழைப்பு, வழிகாட்டல் என்று எண்ணி எண்ணி. எனக்கு அந்தக் கஞ்சத்தனம் பிடிக்கும். பாட்டு ஓடட்டும், மற்றவை உறங்கட்டும். எழுப்பினால் விட்ட வரியிலேயே விழிக்க வேண்டும்.

அப்பாவோ எல்லாச் செயலிகளையும் அடிக்கடி மேலே தள்ளி மூடுகிறார். மறுபடி முதலிலிருந்து திறப்பதற்குத்தான் பேட்டரி கூடுதலாகச் செலவாகும் என்றேன். “அடுப்பை அணைக்காமல் வெளியே போவாயா?” என்கிறார்.