உப்பு படுத்திய பாடு

இறுதியாண்டு ஆய்வுக்குத் துளையுள்ள டைட்டேனியம் செய்யப் போகிறேன் என்றதும் எல்லோரும் உலையைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். உப்பைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

முதல் அடி டைட்டேனியத் தூளிலேயே விழுந்தது. பொதி கொழும்புச் சுங்கத்தில் நின்றுவிட்டது. கண்டியில் விடியற்காலை ரயில் ஏறிப் போனால், லிகிதர் விலைச்சீட்டைப் புரட்டிவிட்டு, "வாணவெடிக்கா தங்கச்சி?" என்றார். கேள்வி தப்பில்லை, அந்தத் தூள் வாணவெடிக்கும் போவதுதான். செயற்கை எலும்புக்கு என்றேன். சிரித்தார். கடிதத்தில் கையெழுத்து இருந்தது, முத்திரை இல்லை. அடுத்த வாரம் மறுபடி போனேன். முத்திரையும் பாதுகாப்புத் தரவுத்தாளில் இரண்டு பிரதியும் இல்லாமல் ரயில் ஏறாதீர்கள்.

துளை எதற்கு என்பது தெரிந்ததுதான். டைட்டேனியத்தின் விறைப்பு ஏறத்தாழ 110 கிகாபாஸ்கல், கெட்டி எலும்புக்கு 10 முதல் 30. பாரத்தை உலோகமே சுமந்தால் பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலிந்துபோகும். துளை இருந்தால் விறைப்பு குறையும். அதனால் தூளோடு உப்பைக் கலந்து அழுத்தி, உப்பை நீரில் கரைத்தெடுத்து, அது இருந்த இடம் துளையாக நிற்க, ஆர்கன் வாயுவில் சுட வேண்டும். சொல்ல இவ்வளவுதான்.

நான் ஆரம்பித்ததோ ஜூன் மாதம். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீர்விடும். மலையில் அந்த மழையில் கேட்கவா வேண்டும்! 300 முதல் 500 மைக்ரோன் வரை சலித்து வைத்தது காலையில் ஒரே கட்டி. நான்கு தடவை அழுத்தியெடுத்த வில்லைகள் கைபட்டதும் உதிர்ந்தன. தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் புலம்பினேன். "உப்பு டின்ன ஏன் அடுப்புக்கு மேல வச்சிருக்கேன்னு நெனச்ச? வறுத்து, சூட்டோட மூடு" என்றார்.

உப்பை 120 பாகை செல்சியஸில் உலர்த்தி, சூடாகவே போத்தலில் அடைத்து, அன்றைக்கே கலந்து அழுத்தினேன். வில்லை நின்றது. (ஆய்வேட்டில் அம்மாவை எப்படி மேற்கோள் காட்டுவது?)

உலையும் சும்மா விடவில்லை. ரப்பர் வளையம் கசிந்து காற்று புகுந்து, முதல் மாதிரி நீலமும் மஞ்சளுமாக வந்து பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. சூட்டில் டைட்டேனியம் ஒட்சிசனைப் பிடித்தால் விடாது. வாயு வரும் பக்கம் கழிவு டைட்டேனியத் துண்டுகள் சிலவற்றை வையுங்கள், உள்ளே வருவதை அவை முதலில் விழுங்கிவிடும்.

கடைசி மாதிரியில் 62 சதவீதம் துளை. ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா ரெண்டு தடவ கொழும்புக்குப் போன?"