கண்டி வீதிக்காரருக்குக் கண்டியில் நடந்தது

எங்கள் வீடு கிளிநொச்சியில் வீதிக்கரையில். வெளியாட்கள் ஏ9 என்பார்கள், எங்களுக்கு அது எப்பவும் கண்டி வீதிதான். அந்தப் பெயரையே நம்பிப் போய், போன மாதம் வயதான அம்மாவோடு மூன்று பஸ்ஸைத் தவறவிட்டேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிள்ளை படிக்கிற வன்னிப் பெற்றோர் இப்படி அலையக்கூடாது.

இரவு பஸ் ஏறி விடியக் கண்டியில் இறங்கினோம். அதில் குறையில்லை. அங்கிருந்து பேராதனை ஆறு கிலோமீற்றர் அளவுதான், கோச்சியில் போகலாம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். மகள் போனில் "சரசவி உயனவில இறங்குங்கோ அப்பா" என்று சொல்லியிருந்தாள். உயன என்றால் பூங்கா என்பது தெரியும். ஆகவே அது பேராதனைப் பூந்தோட்டப் பக்கமாக்கும் என்று நினைத்து, பேராதனை என்றே ரிக்கெற் கேட்டேன். பேராதனைச் சந்திக்குத் தந்தார்கள். சரசவி உயன அதற்கு முன்னாலேயே வந்து போயிற்று, பார்த்துக்கொண்டே இருந்தோம். சிங்களத்தில் சரசவிய என்றால் பல்கலைக்கழகம். வளாகத்துக்கென்றே உள்ள ஸ்டேஷன் அது! சந்தியில் இறங்கி, ஒடியல்மாவும் மிளகாய்த்தூளும் கட்டிய பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ பிடிக்கவேண்டியதாயிற்று.

இன்னொன்று. பிள்ளை எந்தப் பீடம் என்று முதலே கேட்டு வையுங்கள். 1952இல் கொழும்பிலிருந்து இங்கே வந்த பல்கலைக்கழகம் மகாவலியின் இரண்டு கரையிலும் பரந்து கிடக்கிறது. கலைப்பீடமும் செனற் கட்டடமும் கலஹா வீதிப் பக்கம், பொறியியல் பீடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். முழங்கால் வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு அந்தத் தூரம் நடக்க ஏலாது. கலஹா பஸ் வளாகத்துக்குள்ளாலேயே போகும், அதில் ஏறுங்கள்.

திரும்பும்போதுதான் வயிறெரிந்தது. கண்டிப் பக்கம் போகிற ஹோல்ற்றில் நின்றோம். வந்த பஸ் ஒவ்வொன்றிலும் கொண்டக்டர் "நுவர, நுவர" என்று கத்தினார். நுவரெலியா பஸ் என்று நினைத்து விட்டுவிட்டேன். மூன்றாவது பஸ்காரரிடம் "கண்டியோ?" என்று கேட்டேன். கையை விசிறிவிட்டு மணியடித்துவிட்டார். முன்பலகையில் தமிழ் ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடந்தது, பஸ் நகர்வதற்குள் யாரால் வாசிக்க முடியும்? தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதியாயிற்று. ஒரு பஸ் பலகைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

பக்கத்தில் நின்ற மலையகத்து அம்மா ஒருவர்தான் காப்பாற்றினார். "நுவரன்னா கண்டிதாங்கய்யா. மஹநுவரன்னு முழுசா சொல்ல மாட்டாங்க. நுவரெலியா போறதுன்னா நுவரெலியன்னே கத்துவாங்க."

அதற்குள் நேரம் போய்விட்டது. உள்ளூர் பஸ் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறக்கிவிட்டது. தூர பஸ் எடுக்கிற இடம் வேறு. அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போக, வவுனியா பஸ் வெளிக்கிட்டுவிட்டது. அடுத்ததில் இருக்கை இல்லை. தம்புள்ளை வரைக்கும் அம்மா எங்கள் பையின் மேல்தான் இருந்து வந்தார். அதை நினைக்க இப்பவும் மனம் ஆறவில்லை.

இந்த மாதம் மறுபடி போனோம். சரசவி உயன என்று கேட்டே ரிக்கெற் எடுத்தேன். அங்கே எல்லாக் கோச்சியும் நிற்காது, ஏறமுதல் விசாரியுங்கள். திரும்பும்போது முதல் பஸ்ஸுக்கே கை காட்டி மறித்தது அம்மாதான். "நுவரவோ தம்பி?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.